கொடுத்த காசின் கணக்கு

எங்கள் ஊரில் வசூல் நோட்டு இல்லாத வருசமே கிடையாது. மாரியம்மன் நோம்பிக்கு ஒன்று, பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு ஒன்று, யாருக்காவது கிட்னி கெட்டுப்போனால் அதற்கு ஒன்று. கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் பெயர், வலது பக்கம் தொகை, கடைசிப் பக்கத்தில் செலவு.

கோவிந்தாபுரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: பொள்ளாச்சியிலிருந்து திருச்சூர் போகும் பஸ்ஸில் ஏறி, அம்பராம்பாளையம் தாண்டிப் போனால் கேரளச் செக்போஸ்ட் வரும். அதுதான் எங்கள் ஊர். முதலமடைப் பஞ்சாயத்து, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், சந்தை பொள்ளாச்சியில். பிழைப்புக்கு மாந்தோப்பும் தென்னையும் பாலும். தலை நிமிர்ந்தால் நெல்லியாம்பதி மலை தெரியும்.

நான் இங்கே பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவன். அதனால் ஊரில் எந்த வசூல் என்றாலும் நோட்டு என் கைக்கு வந்துவிடும். 2018 வெள்ளத்துக்கு வந்தது. 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்கும் வந்தது. சாதாரண ஜனங்கள் எப்படிப் பணம் சேர்க்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கொடுத்த பிறகு என்ன ஆனது என்று கேட்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம்.

முதலில் 2018. ஆகஸ்ட் பாதியில் அந்த மழை. மாநிலம் முழுக்க 480 பேருக்கு மேல் செத்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் நெம்மாறா அளுவாசேரியில் ஆகஸ்ட் 16 அன்று மலை சரிந்து 10 பேர் போனார்கள். நெல்லியாம்பதிக்கு இருக்கிற ஒரே ரோடு பல இடங்களில் அறுந்து தொங்கியது. மேலே இருந்த எஸ்டேட் ஜனங்களுக்கு அரிசியையும் மருந்தையும் இளவட்டப் பசங்கள் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தினமும் நாங்கள் பார்க்கிற மலை அது. டிவியில் ஆலப்புழையையும் சாலக்குடியையும் காட்டிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு வெள்ளம் என்றால் அந்த மலைதான்.

அப்போது தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாமான் வண்டி வந்தது. வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம், எங்கள் செக்போஸ்ட் என்று எல்லா வழியிலும் வந்தது. அரிசி, பருப்பு, பிஸ்கட், பாய், போர்வை, நாப்கின் எல்லாம் உபயோகமாக இருந்தன. கூடவே பழைய துணி மூட்டைகளும் வந்தன. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் ரோட்டோரமாக மலை மாதிரி குவிந்து கிடந்த பழைய துணிகளைப் பத்திரிகையில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். யாரும் தொடவில்லை. மழையில் நனைந்து அதுவே ஒரு குப்பையாகி, அள்ளுவதற்கு ஆள் போட வேண்டியிருந்தது. வீடு வாசல் இழந்தவர்களுக்கு மானம் போய்விடவில்லை. கிழிந்த ஜாக்கெட்டை யார் எடுத்துப் போடுவார்கள்?

இதற்கு நேர் எதிராக ஒரு மனுசர் இருந்தார். 2019 ஆகஸ்டில் மறுபடியும் மழை, கவளப்பாறையிலும் புத்துமலையிலும் மண் சரிவு. எர்ணாகுளம் பிராட்வேயில் நடைபாதையில் துணி விற்கிறவர் ஒருவர், பக்ரீத் வியாபாரத்துக்கு வாங்கி வைத்திருந்த புதுச் சரக்கை மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். வசூலுக்கு வந்தவர்களைக் கடைக்கு அழைத்துப் போய்த் தானே எடுத்துத் தந்தார். அந்த வீடியோ கேரளம் முழுக்கப் பரவியது. பண்டிகை விற்பனையை வைத்துத்தான் நடைபாதை வியாபாரிக்கு வருசமே ஓடும். எதை விற்றுப் பிழைக்கிறாரோ அதையே கொடுத்தார். நான் மதிக்கிற கொடை அது.

பொருளாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுப்பது நல்லது என்று நான் சொல்லும்போது, பாதிப்பேர் முகம் சுளிக்கிறார்கள். பணம் யார் கைக்குப் போகுமோ என்ற பயம். நியாயமான பயம். அதற்கு வருகிறேன்.

ஜனங்கள் பணம் சேர்த்த வழிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பஸ். 2018 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், கேரளம் முழுக்க ஆயிரக்கணக்கான பிரைவட் பஸ்கள் டிக்கெட் இல்லாமல் ஓடின. கண்டக்டர் கையில் டிக்கெட் கட்டுக்குப் பதிலாக பக்கெட். ஏறுகிறவர்கள் இஷ்டப்பட்டதைப் போடலாம். டிரைவர், கண்டக்டர், கிளீனர் அன்றைக்குக் கூலி வாங்கவில்லை. பத்து ரூபாய் தூரத்துக்கு நூறு ரூபாய் போட்டவர்கள் உண்டு. பாக்கி கேட்டவர்கள் யாரும் இல்லை. வயநாட்டுக்காகவும் இதே மாதிரி பல பஸ்கள் ஒரு நாள் கலெக்‌ஷனைக் கொடுத்தன. இதில் என்ன அழகு என்றால், யாரும் தன் தொழிலை விட்டுவிட்டு வசூலுக்குக் கிளம்பவில்லை. தினமும் செய்கிற வேலையே வசூலாகிவிட்டது.

சேந்தமங்கலம் கதையும் அப்படித்தான். எர்ணாகுளம் மாவட்டத்து நெசவாளர் ஊர் அது. ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த புடவைகள் 2018 வெள்ளத்தில் சேறு குடித்துவிட்டன. எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலைமையில், லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இரண்டு பேர் அந்தத் துணியைக் கழுவிச் சுத்தம் செய்து சின்னச் சின்ன பொம்மையாகக் கட்டி விற்கலாம் என்று ஆரம்பித்தார்கள். பெயர் சேக்குட்டி. 1,300, 1,500 ரூபாய்க்கு விற்க வேண்டிய ஒரு புடவையிலிருந்து 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய். ஆக 9,000 ரூபாய். கறை கறையாகவே இருந்தது, அதை மறைக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து ஐடி கம்பெனிக்காரர்கள் வரை உட்கார்ந்து பொம்மை கட்டினார்கள். நெசவாளருக்குப் போனது தானம் இல்லை, அவர்களுடைய சரக்கின் விலை. அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்போதெல்லாம் கேரளத்தில் எதற்கெடுத்தாலும் சேலஞ்ச். பிரியாணி சேலஞ்ச், பாயசம் சேலஞ்ச், ஆக்ரி சேலஞ்ச். ஆக்ரி என்றால் பழைய இரும்பு, பேப்பர். 2020 கொரோனாக் காலத்தில் இடதுசாரி இளைஞர் சங்கமான டிஒய்எஃப்ஐ பிள்ளைகள் ஆக்ரி பொறுக்கி விற்றும், கூலி வேலைக்குப் போயும் 10 கோடிக்கு மேல் முதலமைச்சர் நிவாரண நிதிக்குச் சேர்த்தார்கள். கட்சி எது என்று பார்க்காமல் சொல்கிறேன், வெயிலில் அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் பழைய பேப்பர் எடை போட்டுச் சேர்த்த பணம் அது.

வயநாட்டுக்காக எங்கள் பக்கமும் பிரியாணி போட்டோம். மலையாளத்துக் கைமா அரிசியா, தமிழ்நாட்டுச் சீரகச் சம்பாவா என்று பெரிய விவாதம். எல்லை ஊரில் இது சின்ன விசயம் இல்லை. கடைசியில் அரிசி கொடுக்கிற கடைக்காரர் எதைக் கொடுத்தாரோ அதில்தான் வெந்தது. முன்கூட்டியே கூப்பன் எழுதி, காலையில் அண்டாவை ஏற்றி, தம் போட்டு, மூடியைச் சுற்றி மைதா மாவு ஒட்டி, மேலே கங்கு அள்ளிக் கொட்டி, பதினொரு மணிக்கெல்லாம் பார்சல் கட்ட உட்கார்ந்தோம். பைக் வைத்திருக்கிற பசங்கள் மீன்கரை டேம் பக்கம், காம்பரத்துச்சள்ளை, செம்மணாம்பதி என்று பிரித்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

பிரியாணி வசூலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூப்பன் பணம் முழுவதும் நிவாரணத்துக்குப் போய்ச் சேராது. அரிசி, கோழி, எண்ணெய், டப்பா செலவு போகத்தான் மிச்சம். அதனால் யார் அரிசி தந்தார், யார் விறகு தந்தார், யார் கோழியை அசல் விலைக்கு வெட்டிக் கொடுத்தார் என்பதையும் விலை போட்டு வரவில் எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் விறகு கொடுத்தவருக்கும் நோட்டில் இடம் கிடைக்கும். நான் எழுதினேன். நோட்டை வாசித்தபோது, "நம்ம வெறவுக்கும் வெலை போட்டிருக்கீங்களா?" என்று அந்த அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்.

பணம் கொடுத்து அதை நோட்டில் எழுதுவது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? புதுக்கோட்டையிலும் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். கறிச்சோறு போட்டு, வாசலில் மேஜை போட்டு, ஒவ்வொரு பெயராக எழுதி வாங்குவார்கள். வாங்கியதைத் திருப்பிச் செய்யும்போது கூடுதலாகச் செய்ய வேண்டும். மலையாளத்திலும் இதற்குத் தம்பி ஒருவன் இருக்கிறான்: வடகரை, நாதாபுரம் பக்கத்துப் பணப்பயற்று. அங்கே டீயும் பலகாரமும், இங்கே ஆட்டுக்கறி, நோட்டு ஒன்றுதான். பேங்க் லோன் கிடைக்காத ஜனங்கள் தங்களுக்குள்ளேயே ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு.

வயநாட்டுக்காக 2024 ஆகஸ்டில் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் மொய் விருந்து வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு அவரவர் இஷ்டப்பட்டதை வைத்துவிட்டுப் போக வேண்டியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் டீயையே மொய் விருந்தாக வைத்தார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தன் கடையில் பாக்கி வைத்திருந்தவர்களின் கணக்கையெல்லாம் தள்ளுபடி செய்தவர் அவர். யோசித்துப் பாருங்கள். திருப்பி வராது என்று தெரிந்தே வைக்கிற மொய். வயநாட்டில் மண் சரிந்த சூரல்மலையிலிருந்து யாரும் திண்டுக்கல் கல்யாணத்துக்கு வந்து மொய் செய்யப் போவதில்லை. அப்படியும் நம் ஆட்கள் அதை மொய் என்றுதான் சொன்னார்கள், நோட்டில்தான் எழுதினார்கள்.

சில பேரைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. கொல்லத்தில் டீக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மா. 2020இல் தன் ஆடுகளை விற்று, கடை வாடகையும் கரண்ட் பில்லும் கட்டிவிட்டு மிச்சம் 5,510 ரூபாயைக் கொண்டுபோய் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். வயநாட்டின்போது மறுபடியும் 10,000. கண்ணூரில் ஒரு பீடித் தொழிலாளி. 2021 ஏப்ரலில் பேங்க்குக்குப் போய், கணக்கில் இருந்த 2,00,850 ரூபாயில் இரண்டு லட்சத்தைத் தடுப்பூசிக்காக அனுப்பச் சொன்னார். மிச்சம் 850. யார் என்று வெளியே சொல்ல வேண்டாம் என்றார். பேங்க்காரர் மூலமாகத்தான் வெளியே தெரிந்தது. விழுப்புரத்தில் ஒரு சின்னப் பெண், சைக்கிள் வாங்க வருசக்கணக்காக உண்டியலில் சேர்த்ததை 2018 வெள்ளத்துக்குக் கொடுத்தாள்.

இந்த மாதிரிச் செய்தி வரும்போது எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு ஆச்சரியம் வரவில்லை, ஏனென்றால் நோட்டில் தினமும் பார்க்கிறேன். ஒரு வேளைப் பால் காசை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கேனைக் கழுவிக்கொண்டு போகிற ஆட்கள் எங்கள் சொசைட்டியிலேயே இருக்கிறார்கள். ஒரு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு வேளைப் பால் என்றால் அன்றைக்கு மாட்டுத் தீவனம். கணக்குப் பார்த்தால் பெரிய தோட்டக்காரர் கொடுத்த ஆயிரத்தைவிட அது பெரிய தொகை.

நூறு வருசத்துக்கு முன்னாலும் இப்படித்தான். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தைக் கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099. மூணாறை அப்படியே புரட்டிப் போட்டது. குண்டளை வேலி ரயில் பாதை அந்த மழையோடு போனது, பிறகு வரவே இல்லை. அப்போது காந்தி "யங் இந்தியா"விலும் "நவஜீவ"னிலும் மலபாருக்காகப் பணம் கேட்டு எழுதினார். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள், சங்கிலியைக் கொடுத்தார்கள், ஒருத்தர் மெட்டியைக் கொடுத்தார். பிள்ளைகள் பாலை நிறுத்திச் சேர்த்தார்கள். ஒரு சிறுமி மூன்று பைசா திருடிக் கொண்டுவந்து கொடுத்தாள் என்றும் அவர் எழுதினார். மொத்தம் ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய். என்னைக் கவர்ந்தது, யார் என்ன கொடுத்தார்கள் என்பதை அவர் பத்திரிகையில் வெளியிட்டது. மூன்று பைசாவுக்கும் கணக்கு இருந்தது.

இனி, பணம் யார் கைக்குப் போகுமோ என்ற அந்தப் பயத்துக்கு வருகிறேன்.

வயநாட்டு வசூலின்போது தொழிலுறப்பு, அதாவது நூறு நாள் வேலைக்குப் போகிற அக்கா ஒருத்தர் சொசைட்டிக்கு வந்தார். அந்த வருசம் கூலி நாளுக்கு 346 ரூபாய். அதில் 200ஐ மடித்துக் கொண்டுவந்திருந்தார். எழுதச் சொல்வதற்கு முன்னால் கேட்டார்: "தம்பி, இந்தக் காசு யாரு கைக்குப் போயிச் சேரும்?"

"முதலமைச்சர் நிதிக்குக்கா. பேங்க்குல கட்டிருவோம்."

"அது செரி. அங்கிருந்து யாரு கைக்கு?"

சொன்னேன். வீடு போன குடும்பங்கள் வாடகை வீட்டில் இருக்கின்றன. அரசாங்கம் மாசம் 6,000 வரைக்கும் வாடகை தருவதாகச் சொல்லியிருக்கிறது, இந்த நிதியிலிருந்துதான். அப்படிப் பார்த்தால் உங்கள் 200 ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் வாடகை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு நாள் இருந்துக்குவாங்க இல்ல?" என்றார். பிறகு ரசீது வருமா என்று கேட்டார். எல்லாப் பணத்தையும் மொத்தமாக ஆன்லைனில் கட்டி, வந்த ரசீதைப் பிரிண்ட் எடுத்துச் சொசைட்டி சுவரில் ஒட்டினேன். தன் பெயர் அதில் இல்லையே என்றார். அதனால் ரசீதுக்குப் பக்கத்தில் நோட்டின் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினோம். அதைப் பார்க்க வந்த கூட்டம் தனி.

அந்த அக்கா கேட்ட மாதிரி எல்லோரும் கேட்க வேண்டும். ஏன் என்றால் கேட்காத இடத்தில் கை நுழைகிறது. 2023 பிப்ரவரியில் கேரள விஜிலன்ஸ் (லஞ்ச ஒழிப்புத் துறை) முதலமைச்சர் நிவாரண நிதி விண்ணப்பங்களைச் சோதனை செய்தபோது போலி மருத்துவச் சான்றிதழ்களும், ஏஜென்ட்கள் வழியாக வந்த மனுக்களும் பிடிபட்டன. வயநாட்டு நேரத்தில் நிதிக்கு வைத்திருந்த க்யூஆர் கோடைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அரசாங்கமே அதை எடுத்துவிட்டது. நிதி செலவான விதத்தைப் பற்றி லோக்ஆயுக்தா வரைக்கும் வழக்குப் போய், 2023 நவம்பரில் தள்ளுபடி ஆனது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லி "அதில் போடாதீர்கள்" என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்த நிதி அரசாங்கக் கணக்கில் இருக்கிறது, சிஏஜி தணிக்கை உண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கலாம். யாரோ தெரியாத ஒருவரின் கூகுள் பே நம்பருக்கு இதில் எதுவும் கிடையாது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அந்த நிதிக்கு வந்தது. வயநாட்டுக்காக 700 கோடிக்கு மேல். அதில் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் அயல்கூட்டம் அயல்கூட்டமாக (அக்கம்பக்கத்துக் குழு குழுவாக) சேர்த்தது மட்டும் 20 கோடிக்கு மேல். இவ்வளவையும் கொடுத்த ஜனங்கள் கொடுத்ததோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

உதவிப் பணம் போய்ச் சேர்ந்த பிறகும் காவல் வேண்டும். சூரல்மலையில் உயிர் பிழைத்தவர்களுக்கு அவசரச் செலவுக்கு என்று அரசாங்கம் 10,000 ரூபாய் கணக்கில் போட்டது. அதிலிருந்து ஒரு பேங்க் பழைய கடனுக்குத் தவணை பிடித்துக்கொண்டது! ஊர் கொதித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். அதே ஊரில் கேரள வங்கி இறந்தவர்களின் கடனையும், வீடும் நிலமும் அடமானம் வைத்து இழந்தவர்களின் கடனையும் தள்ளுபடி செய்தது. இரண்டு பேங்க், ஒரே ஊர். கொதித்ததால்தான் அந்தப் பணம் திரும்பியது என்பதை மறக்க வேண்டாம்.

கல்பற்றா எல்ஸ்டன் எஸ்டேட்டில் டவுன்ஷிப்புக்கு 2025 மார்ச் 27 அன்று அடிக்கல் போட்டார்கள். ஒரு வீட்டுக்கு 7 சென்ட் நிலம், ஆயிரம் சதுர அடி வீடு, கட்டும் வேலையை ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சொசைட்டி எடுத்தது. மத்திய அரசு 529.50 கோடியைத் தந்தது, ஆனால் கடனாக. வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். அதனால் இந்த வீடுகளின் செங்கல்லில் பஸ் பக்கெட்டுக்கும் ஆட்டுக்காசுக்கும் பால் காசுக்கும் நிஜமான பங்கு இருக்கிறது. பங்கு இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம், கேட்கலாம்.

கேட்க ஆள் இல்லாமல் போன இடம் ஒன்று இருக்கிறது. எழுதும்போதே மனசு கனக்கிறது.

பெட்டிமுடி. மூணாறுக்கு மேலே, ராஜமலை தாண்டி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, கண்ணன் தேவன் கம்பெனியின் நயமக்காடு எஸ்டேட் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மேல் மலை இறங்கியது. 70 பேர். நாலு பேருடைய உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் நம் ஆட்கள், தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளப் போனவர்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை, பெரியவரைத் தற்காலிகப் பாலம் மழையில் போய்விட்டது. விசயம் வெளியே தெரியவே விடிந்துவிட்டது. விடிந்த அன்றைக்கே கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் செத்தவர்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். ஏன் இந்த வித்தியாசம் என்று அப்போதே கேள்வி வந்தது. எந்தப் பதில் சொன்னாலும் லயத்தில் பிறந்தவனுக்கு அது பதில் ஆகாது.

எங்கள் ஊரில் அப்போது நோட்டு எழுதவில்லை. கொரோனா, பூட்டிய எல்லை, இ-பாஸ். கயத்தாறிலிருந்து சொந்தங்கள் வருவதற்கே பாஸ் எடுக்க வேண்டியிருந்த நாட்கள். பஸ் ஓடவில்லை, சந்தை இல்லை, கூட்டம் கூடக் கூடாது. ஜனங்கள் பணம் சேர்க்கிற எல்லா வழியும் அடைபட்டிருந்த நேரத்தில் அவர்களுக்கு அந்த ராத்திரி வந்தது. குற்றியாறு வேலியில் எட்டுக் குடும்பங்களுக்குக் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. வயநாட்டுக்குத் திரண்ட மாதிரி ஊர் ஊராகத் திரண்டிருந்தால் பெட்டிமுடிக் குடும்பங்களுக்காகக் கேட்பதற்கு இன்னும் ஆயிரம் வாய் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். ஒரு ரூபாய் போட்டவனுக்கும் அந்த ஊரின் பெயர் மறக்காது. பத்திரிகையில் செய்தி வந்தால் நின்று படிப்பான்.

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2017இல் கோவிந்தாபுரம் கேரளப் பத்திரிகைகளில் வந்தது ஒரு நல்ல காரணத்துக்காக இல்லை. அம்பேத்கர் காலனி சக்கிலியர் ஜனங்களுக்குத் தீண்டாமை, தண்ணீர்க் கஷ்டம், இடிந்து விழும் வீடு என்ற செய்திகள். அந்தக் காலனியிலிருந்தும் வயநாட்டுக்குப் பணம் வந்தது. நோட்டில் எல்லாப் பெயரும் ஒரே வரிசையில், வந்த முறைப்படி. வயநாட்டில் வீடு இழந்தவனுக்கு வீடு வேண்டும் என்று மடியவிழ்க்கிற ஊர், தன் காலனியில் ஓடு பறக்கிற வீட்டுக்கும் நோட்டு எழுத வேண்டும். அதை நான் ஊர்க் கூட்டத்திலும் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். மழை இந்த ஊர் அந்த ஊர் என்று பார்க்காது.

இந்த வருசம் ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மழை பிடிப்பதற்கு முன்னாலேயே ஒரு நோட்டு. அயல்கூட்டத்துக்கு இருக்கிற பேங்க் கணக்கைப் போல இதற்கும் தனிக் கணக்கு. மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் காலனியிலிருந்து, ஒருவர் பெண். மாசம் ஒரு வேளைப் பால் காசு, இஷ்டம் இருக்கிறவர்கள் மட்டும். எங்கே எது நடந்தாலும் முதல் நாளே அனுப்புவதற்குக் கையில் பணம் இருக்கும். நடந்து ஒரு வாரம் கழித்து அண்டா ஏற்றுவதைவிட அது உதவும். பழைய துணி வாங்குவதில்லை என்று நோட்டின் அட்டையிலேயே எழுதிவிடலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று, கேள்வி கேட்கிற வேலை. கொடுத்து ஆறு மாசம் ஆனதும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எத்தனை வீடு முடிந்தது, எத்தனை குடும்பம் இன்னும் வாடகையில் இருக்கிறது. நாலே கேள்வி. பதில் மலையாளத்தில் வரும். தமிழில் எழுதி, ரசீது ஒட்டிய அதே சுவரில் ஒட்டலாம். வயநாட்டுக்கு ஒன்றும் பெட்டிமுடிக்கு ஒன்றுமாக இரண்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைப் பால் எடுப்பு முடிந்ததும் வாயனசாலைக்கு (நூலகத்துக்கு) வாருங்கள். பேனா நான் கொண்டுவருகிறேன்.